கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு மென்பொருள் ஓடவில்லையா? எந்த வரிசையில் என்ன செய்வது

ஒரு நாள் இரவு, லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியை ரீபூட் செய்தேன். திரும்ப வந்தபோது வைஃபை இல்லை. மேல் பட்டையில் அந்தச் சின்னமே காணோம். செட்டிங்ஸுக்குள் போனால் வைஃபை அடாப்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய வேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கைபேசியில் தேடினேன். கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டதில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த திரை டிரைவரும் கெட்டது. விடிகாலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் நிறுவினேன். பழையபடி எல்லாவற்றையும் அமைத்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

பிறகுதான் தெரிந்தது, கோளாறுக்குக் காரணம் புதிதாக வந்த கர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி. முந்தைய கர்னல் அதே வட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. பூட் மெனுவில் இரண்டு வரி கீழே இறங்கி என்டர் தட்டியிருந்தால் வைஃபை வந்திருக்கும். இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றுகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயம்.

கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

செலவு என்று பணம் எதுவும் இல்லை. நேரம்தான் செலவு. பழைய கர்னலுக்குத் திரும்ப 5 நிமிடம் போதும். காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்ய பத்து நிமிடமும் ஆகலாம், டிரைவரை எழுதுகிறவர்கள் புதிய பதிப்பு வெளியிடும்வரை சில வாரமும் ஆகலாம். எனவே அவசர வேலை கையில் இருக்கும்போது முதல் இரண்டு படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை ஓய்வான நாளில் பாருங்கள்.

அடுத்தது, எது உடையும் எது உடையாது என்ற தெளிவு. சாதாரண நிரல்களுக்குக் கர்னல் தரும் இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பதில் கர்னலை எழுதுகிறவர்கள் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். அதனால் பிரவுசர், ஆவண மென்பொருள், பாட்டு கேட்கிற செயலி எல்லாம் கர்னல் மாறியதால் கெடுவது அபூர்வம். கர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்து வேலை செய்யும் மாட்யூல்களுக்கு (டிரைவர்கள் போன்ற துண்டு நிரல்களுக்கு) அந்த உத்தரவாதம் கிடையாது. கர்னலோடு சேர்ந்தே வரும் மாட்யூல்களைக் கர்னல்காரர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியிலிருந்து தனியாக வருபவைதான் மாட்டிக்கொள்ளும்: என்விடியாவின் சொந்த டிரைவர், சில வைஃபை சிப்புகளின் டிரைவர், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, கர்னலுக்குள் மாட்யூல் போடும் பாதுகாப்பு மென்பொருள்கள். உங்கள் பிரச்சினை இந்தப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் யோசியுங்கள்.

1. எதையும் தொடாமல் பழைய கர்னலில் பூட் செய்யுங்கள்

உடைந்த கர்னலில் உட்கார்ந்துகொண்டு சரிசெய்யப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வைஃபை இல்லாமல், திரை மங்கலாக, மனசும் பதற்றமாக இருக்கும்போது போடும் கட்டளைகள் பெரும்பாலும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

கணினியை ரீபூட் செய்யுங்கள். எந்தக் கர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவான கிரப் மெனு தானாக வந்தால் நல்லது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை மட்டுமே இருக்கும் கணினியில் அது மறைந்திருக்கும். பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருங்கள். புதிய யூஇஎஃப்ஐ கணினியானால், தயாரிப்பாளரின் சின்னம் வந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி, கிரப் என்ற சொல்லோடு கறுப்புத் திரை வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. நார்மல் என்று தட்டி என்டர் கொடுங்கள், உடனே எஸ்கேப்பை ஒரு முறை தட்டுங்கள், மெனு வந்துவிடும்.

மெனுவில் இரண்டாவதாக அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்று தொடங்கும் வரி இருக்கும். அதற்குள் போனால் கர்னல்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு எண்ணும் இரண்டு முறை இருக்கும், ஒன்று சாதாரணம், ஒன்று ரிகவரி மோட். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த எண்ணில் ரிகவரி என்று இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோரா என்ற வகையில் இந்த உள்மெனு இல்லை, கர்னல்கள் முதல் திரையிலேயே வரிசையாக இருக்கும். இயல்பாக மூன்று கர்னல்களை அது வைத்திருக்கும்.

ஆர்ச் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே புதிய கர்னல் வந்ததும் பழையது வட்டிலிருந்து போய்விடும், மெனுவில் திரும்பிப் போக எதுவும் இருக்காது. லினக்ஸ்-எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள கர்னல்) பேக்கேஜை முன்கூட்டியே நிறுவி வைத்திருந்தால் அதில் ஏறலாம். இல்லையென்றால் /வார்/கேச்/பேக்மேன்/பிகேஜி அடைவில் பழைய பேக்கேஜ் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையே திரும்ப நிறுவலாம்.

2. தவறு கர்னலுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள்

பழைய கர்னலில் வந்ததும் டெர்மினலைத் திறந்து யூநேம் -ஆர் என்று தட்டுங்கள். 6.8.0-45-ஜெனரிக் என்பது போல ஒரு எண் வரும். இப்போது ஓடுவது இதுதான். உண்மையிலேயே பழையதில்தான் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கெட்டுப்போனது வேலை செய்கிறதா? செய்தால் கர்னல்தான் காரணம், தொடர்ந்து படியுங்கள். இன்னும் செய்யவில்லையென்றால் கர்னலை விட்டுவிடுங்கள். ஒரே அப்டேட்டில் கர்னலோடு நூறு பேக்கேஜ்கள் வந்திருக்கும், அவற்றில் வேறொன்று காரணமாக இருக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாள்கணக்கில் கர்னலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அவசர வேலை இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். ஆனால் ரீபூட் செய்தால் கிரப் மறுபடியும் புதிய கர்னலைத்தான் எடுக்கும். தேர்ந்தெடுத்ததை அது நினைவில் வைக்க வேண்டுமானால், உபுண்டுவிலும் டெபியனிலும் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, கிரப்_டிஃபால்ட் என்ற வரியில் 0-க்குப் பதில் சேவ்ட் என்று போடுங்கள். அதன் கீழே கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ என்று புதிய வரி சேருங்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில். பிறகு சூடோ அப்டேட்-கிரப் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). அடுத்த ரீபூட்டில் ஒரு முறை மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும், அப்புறம் அதையே எடுத்துக்கொள்ளும். பூட் அடைவு எல்விஎம் அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற வட்டு அமைப்பின் மேல் இருந்தால் கிரப்பால் அதைக் குறித்துவைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கையால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபெடோராவில் இதற்கு கிரப்பி என்ற கருவி இருக்கிறது, அதன் --செட்-டிஃபால்ட் வசதியில் கர்னல் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் ஆயிற்று.

3. ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

இதைச் சலிப்பான வேலை என்று தாண்டிப் போகாதீர்கள். யாரிடமாவது உதவி கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது இவைதான். இவை கையில் இருந்தால், பாதி நேரம் உதவியே தேவைப்படாமல் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு வெற்றுக் கோப்பில் இவற்றை எழுதுங்கள்: எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை), எந்தப் பதிப்பு, வேலை செய்யும் கர்னலின் முழு எண், வேலை செய்யாத கர்னலின் முழு எண், கெட்டுப்போன மென்பொருளின் பெயரும் பதிப்பும். எண்ணைப் பாதியாக எழுதாதீர்கள். 6.8.0-45-க்கும் 6.8.0-47-க்கும் இடையில்கூட ஒரு டிரைவர் உடையலாம்.

அடுத்து, கர்னல் எப்போது மாறியது என்ற தேதி. உபுண்டுவிலும் டெபியனிலும் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் இருக்கும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி, ஆர்ச்சில் /வார்/லாக்/பேக்மேன்.லாக். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு பாதுகாப்பு அப்டேட்களை நீங்கள் கேட்காமலே பின்னணியில் நிறுவும், கர்னலும் அதில் அடக்கம். ஆனால் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழையதுதான். ஆகவே அப்டேட் ஆன நாளும் கோளாறு தெரிந்த நாளும் வேறு வேறாக இருக்கும். "நேற்று நான் எதையுமே மாற்றவில்லையே" என்று நானும் அப்படித்தான் குழம்பினேன். மாற்றம் எட்டு நாள் முன்பே நடந்திருந்தது, நான் ரீபூட் செய்தது அன்றுதான்.

கடைசியாக, கோளாறான பூட்டின் பதிவு. உடைந்த கர்னலிலிருந்து நேராகப் பழையதற்கு வந்திருந்தால், சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று தட்டுங்கள். முந்தைய பூட்டில் கர்னல் என்ன புலம்பியது என்பது அத்தனையும் வரும். இடையில் வேறு ரீபூட் செய்திருந்தால் 1-க்குப் பதில் 2. அதை ஒரு கோப்பில் சேமித்து, உங்கள் டிரைவரின் பெயரைத் தேடுங்கள்.

4. ஹெடர் இருக்கிறதா, மாட்யூல் கட்டப்பட்டதா

பெரும்பாலோரின் பிரச்சினை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் மாட்யூலை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்ய (மூல நிரலிலிருந்து கட்ட) வேண்டும். 6.8.0-45-க்குக் கட்டியது 6.8.0-47-இல் பொருந்தாது. இந்த வேலையைத் தானாகச் செய்யத்தான் டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. புதிய கர்னல் வந்ததும் அது மாட்யூலின் மூல நிரலை எடுத்து, அந்தக் கர்னலின் உள் இடைமுகத்தை விவரிக்கும் ஹெடர் கோப்புகளை வைத்துப் புதிதாகக் கட்டிப் போடும். ஹெடர் இல்லையென்றால் கட்ட முடியாது. கட்ட முடியாவிட்டாலும் அப்டேட் பெரும்பாலும் நிற்காமல் முடிந்துவிடும், நூறு வரிகளுக்கு நடுவே ஒரு எச்சரிக்கை மட்டும் வந்து போயிருக்கும். நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம்.

பழைய கர்னலில் இருந்துகொண்டே டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் மாட்யூலின் பெயர், பதிப்பு, கர்னல் எண், நிலை என்று வரும். பழைய கர்னல் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்ட் என்று இருக்கும். புதிய கர்னல் எண் பட்டியலிலேயே இல்லையென்றால் அதற்கு மாட்யூல் கட்டப்படவில்லை. கோளாறு பிடிபட்டது.

இப்போது புதிய கர்னலுக்கான ஹெடரை நிறுவுங்கள். உபுண்டுவில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்- என்று எழுதி, ஒட்டியபடியே புதிய கர்னலின் முழு எண். ஃபெடோராவில் பேக்கேஜின் பெயர் கர்னல்-டெவல், ஆர்ச்சில் லினக்ஸ்-ஹெடர்ஸ். எல்டிஎஸ் கர்னல் என்றால் ஆர்ச்சில் லினக்ஸ்-எல்டிஎஸ்-ஹெடர்ஸ் என்று தனியாக இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். பழைய கர்னலில் உட்கார்ந்து ஹெடர் நிறுவும்போது பலர் தவறிப்போய் பழைய கர்னலின் ஹெடரையே நிறுவிவிடுவார்கள். ஏனென்றால் எங்கும் சொல்லப்படும் கட்டளை யூநேம் தரும் எண்ணை எடுத்துக்கொள்ளும் விதத்தில் எழுதப்பட்டது. எண்ணைக் கையால் தட்டுங்கள்.

பிறகு சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே, அதோடு புதிய எண். பிழையில்லாமல் முடிந்தால் புதிய கர்னலில் ரீபூட் செய்து பாருங்கள்.

வைஃபை இல்லாததால் ஹெடரை இறக்க முடியவில்லை, பழைய கர்னலும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு: கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, கைபேசி செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான டிரைவர் கர்னலோடே வருவது, அதனால் கம்பி இணைப்பு போல உடனே பிடித்துக்கொள்ளும். ஹெடர் பேக்கேஜ் சில பத்து எம்பிதான், டேட்டா பெரிதாகப் போகாது.

5. கட்டும்போதே பிழை வந்தால் பதிவைத் திறந்து பாருங்கள்

ஆட்டோஇன்ஸ்டால் பிழையோடு நின்றால், மேக்.லாக் என்ற கோப்பைப் பார்க்கச் சொல்லி அதன் பாதையைக் காட்டும். /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவுக்குள், மாட்யூலின் பெயர், பதிப்பு, பில்ட் என்று உள்ளே உள்ளே போனால் அது இருக்கும். பெரிய கோப்பு. கீழிருந்து படிக்காதீர்கள். எரர் என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள், மீதி எல்லாம் அந்த முதல் பிழையின் விளைவுகள்.

அந்த வரி இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, கம்பைலர் பற்றிய முறையீடு. உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11-தான் இயல்பான கம்பைலர். ஆனால் அதற்கு வந்த 6.5 கர்னல் ஜிசிசி 12-இல் கட்டப்பட்டது. மாட்யூலைக் கட்டப் போனால், எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட் என்று தொடங்கும் ஒரு ஆப்ஷன் எனக்குத் தெரியாது என்று ஜிசிசி 11 நின்றுவிடும், அது 12-இல்தான் சேர்ந்தது. மாட்யூலில் ஒரு குறையும் இல்லை. ஜிசிசி-12 பேக்கேஜை நிறுவி, தேவைப்பட்டால் அதையே இயல்பான கம்பைலராக மாற்றினால் வேலை முடிந்தது. உங்கள் கர்னல் எந்தக் கம்பைலரில் கட்டப்பட்டது என்பது /ப்ராக்/வெர்ஷன் கோப்பில் எழுதியிருக்கும். ஆனால் அது அந்த நேரத்தில் ஓடும் கர்னலைப் பற்றித்தான் சொல்லும், எனவே புதிய கர்னலில் ஏறிப் பாருங்கள்.

இரண்டாவது வகை: இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன், டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ், ஹேஸ் நோ மெம்பர் நேம்ட் என்பது போன்ற வரிகள். கர்னலுக்குள் ஏதோ ஒரு ஃபங்ஷனின் பெயரோ வடிவமோ மாறிவிட்டது, மாட்யூல் பழையபடியே அதை அழைக்கிறது என்று பொருள். உதாரணமாக, கிளாஸ்_கிரியேட் என்ற ஃபங்ஷன் முன்பு இரண்டு விவரங்களை வாங்கிக்கொள்ளும். 6.4 கர்னலில் முதலாவதை நீக்கிவிட்டார்கள். அந்த ஒரே மாற்றத்தில், பழைய முறையில் எழுதிய மாட்யூல்கள் எல்லாம் 6.4-இல் கட்ட முடியாமல் நின்றன. ஹெடரை எத்தனை முறை நிறுவினாலும் இது தீராது. மாட்யூலின் புதிய பதிப்பு வேண்டும். முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் பட்டியலில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அந்த மாட்யூலை எழுதுகிறவர்களின் வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள். நல்ல திட்டங்கள் எந்தக் கர்னல்வரை ஒத்துப்போகும் என்று வெளிப்படையாகவே எழுதுவார்கள். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3.0-இன் குறிப்பில் 4.18 முதல் 6.12 வரை என்று இருந்தது. அதற்கு மேலான கர்னலில் அதைப் போட்டுப் பார்ப்பது உங்கள் தரவை வைத்துச் சோதனை செய்வதற்குச் சமம், தயவுசெய்து வேண்டாம்.

முகம் தெரியாதவர் தரும், மூல நிரலைத் திருத்தும் பேட்ச் கோப்புகள் இந்த இடத்தில் நிறையக் கண்ணில் படும். சில உண்மையிலேயே நல்லவை. ஆனால் கர்னலுக்குள் போகும் நிரல் அது, கணினியில் எதையும் செய்ய அதற்கு உரிமை உண்டு. படித்துப் புரிந்துகொள்ள முடியாத பேட்சைப் போடாதீர்கள் என்பது என் கருத்து.

6. எல்லாம் கட்டப்பட்டும் மாட்யூல் ஏறவில்லையா? செக்யூர் பூட்டைப் பாருங்கள்

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் இன்ஸ்டால்ட் என்று இருக்கும், ஆனால் சாதனம் வேலை செய்யாது. சூடோ மாட்ப்ரோப் என்று போட்டு மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ் என்று வரும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கிறது, மாட்யூலின் கையொப்பத்தைக் கர்னல் ஏற்கவில்லை என்று அர்த்தம். மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட் என்ற கட்டளை செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ளதா என்று சொல்லிவிடும்.

தீர்வு, உங்கள் கணினியின் சாவியைப் பதிவு செய்வது. உபுண்டுவில் அந்தச் சாவி /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக் அடைவில் இருக்கிறது, மோக்.டெர் என்பது கோப்பின் பெயர், அதில் மோக் மட்டும் பெரிய எழுத்து. சூடோ மோக்யுடில் --இம்போர்ட் என்று போட்டு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். ஒரு கடவுச்சொல் கேட்கும். 8 எழுத்துக்குக் குறையாமல், சாதாரண எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துக் கொடுங்கள், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறியீடுகள் வேண்டாம், அடுத்த திரையில் விசைப்பலகையின் அமைப்பு வேறாக இருக்கலாம்.

ரீபூட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று 10 விநாடி எண்ணும். அந்த நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள், தவறவிட்டால் அது பேசாமல் பூட் ஆகிவிடும், எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். விசையைத் தட்டி, என்ரோல் மோக், கன்டின்யூ, எஸ், கடவுச்சொல், ரீபூட். அவ்வளவுதான், ஒரு முறை செய்தால் போதும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கமும் இயக்கத்தில் இருந்தால், அணைத்ததும் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த 48 இலக்கச் சாவி கையில் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

7. வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் பயன்படுத்துபவர்களுக்கு

6.12 கர்னலிலிருந்து ஒரு மாற்றம். கேவிஎம் என்பது கர்னலுக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இயந்திர வசதி. முன்பெல்லாம் யாராவது பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் அது பிராசசரின் மெய்நிகராக்க வசதியைக் கைப்பற்றும். 6.12 முதல் மாட்யூல் ஏறியதுமே கைப்பற்றிக்கொள்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் வந்து கேட்கும்போது வசதி இன்னொருவர் கையில் இருக்கும். இன்டெல் கணினியில் விஎம்எக்ஸ் ரூட் மோட் என்று முடியும் பிழையும், ஏஎம்டியில் எஸ்விஎம் இன் யூஸ் என்ற பிழையும் வரும்.

முதலில் வர்ச்சுவல்பாக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். உடனடித் தீர்வு வேண்டுமென்றால் சூடோ மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல், ஏஎம்டியானால் கேவிஎம்_ஏஎம்டி. இது அடுத்த ரீபூட்வரை தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0 என்பதைக் கர்னலின் பூட் அளவுருக்களில் சேருங்கள். உபுண்டுவில் அதே /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில், ஏற்கெனவே கொயட் ஸ்பிளாஷ் என்று இருக்கும் வரியின் மேற்கோள் குறிக்குள் இதையும் சேர்த்து, அப்டேட்-கிரப் போட வேண்டும்.

விஎம்வேரின் மாட்யூல்கள் பொதுவாக டிகேஎம்எஸ் வழியாக வருவதில்லை. கர்னல் மாறியதும் சூடோ விஎம்வேர்-மாட்கான்ஃபிக் --கன்சோல் --இன்ஸ்டால்-ஆல் என்று நீங்களே ஓடவிட வேண்டியிருக்கும்.

8. டிரைவருக்குப் புதிய பதிப்பே இல்லையென்றால் எல்டிஎஸ் கர்னல்

சில டிரைவர்களைத் தயாரிப்பாளர்களே கைவிட்டிருப்பார்கள். பழைய ஃபெர்மி வகை கார்டுகளுக்கான என்விடியா 390 டிரைவரின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்தது. இதுபோன்ற நிலையில் ஒவ்வொரு புதிய கர்னலோடும் போராடுவதில் பயனில்லை. என்விடியாவானால் கர்னலோடு வரும் நூவோ டிரைவருக்கு மாறலாம். அலுவலக வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் போதும், விளையாட்டுக்குப் போதாது. இல்லையென்றால் நீண்டகால ஆதரவுள்ள கர்னலில் தங்கிவிடலாம்.

புதிய கர்னல் ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒன்று வெளியாகிறது. அவற்றில் சிலவற்றை மட்டும் வருடக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களோடு பராமரிப்பார்கள். 5.15, 6.1, 6.6, 6.12 அப்படிப்பட்டவை. உள்ளே உள்ள இடைமுகம் பெரிதாக மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைபடும். பழைய டிரைவரை நம்பியிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

உபுண்டுவில் இதற்கு இரண்டு பாதை இருக்கிறது. டெஸ்க்டாப் நிறுவல் இயல்பாக எச்டபிள்யூஇ என்ற பாதையில் போகும், கர்னல் பெரிய தாவலாக மாறிக்கொண்டே இருக்கும். 22.04 வந்தபோது இருந்தது 5.15, எச்டபிள்யூஇ பாதையில் அதே 22.04 பிறகு 5.19, 6.2, 6.5, 6.8 என்று போனது. ஜிஏ என்ற இன்னொரு பாதையில் இருந்தால் 5.15-இலேயே இருக்கலாம். மாற, லினக்ஸ்-ஜெனரிக் பேக்கேஜை நிறுவி, எச்டபிள்யூஇ என்று பெயரில் உள்ள லினக்ஸ்-ஜெனரிக் பேக்கேஜை நீக்குங்கள். ஏற்கெனவே வட்டில் இருக்கும் புதிய கர்னல்களை உடனே நீக்காதீர்கள். ஜிஏ கர்னலில் பூட் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு நீக்கலாம்.

புத்தம்புதிய மடிக்கணினியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய கர்னலுக்கு உங்கள் சிப்புகளையே தெரியாமல் இருக்கலாம். அப்போது இந்த வழி உதவாது.

9. கர்னலை நிறுத்தி வைப்பது: எப்படி, எத்தனை நாள்

டிரைவரின் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது, அதுவரை கர்னல் மாறக் கூடாது என்றால் நிறுத்தி வைக்கலாம். உபுண்டுவிலும் டெபியனிலும் சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட், அதோடு பேக்கேஜ் பெயர்கள். உபுண்டுவில் லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் மூன்றையும் கொடுங்கள். எச்டபிள்யூஇ பாதையில் இருந்தால் பெயர்களின் கடைசியில் -எச்டபிள்யூஇ-24.04 போல ஒட்டிக்கொண்டிருக்கும். இமேஜை மட்டும் நிறுத்தி ஹெடரை விட்டுவிட்டால் இரண்டும் வேறு வேறு எண்ணில் போய் நிற்கும், அது இன்னொரு தலைவலி. ஃபெடோராவில் டிஎன்எஃப் அப்கிரேடு போடும்போது --எக்ஸ்க்லூட் என்று சேர்த்து கர்னல் பேக்கேஜ்களைத் தவிர்க்கலாம். ஆர்ச்சில் பேக்மேன் அமைப்புக் கோப்பில் இக்னோர்பிகேஜி (ஐ, பி இரண்டும் பெரிய எழுத்து) வரி இருக்கிறது, ஆனால் அங்கே பாதி மட்டும் அப்டேட் செய்வது ஆதரிக்கப்படாத முறை. ஆர்ச்காரர்களுக்கு லினக்ஸ்-எல்டிஎஸ்தான் சரியான வழி.

ஹோல்ட் போட்டதும், நம்பியிருக்கும் அந்தப் பழைய கர்னலை, தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் துடைத்துவிடாமல் காப்பாற்றுங்கள். சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் என்று போட்டு, அதே எண்ணுள்ள இமேஜ், மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா, ஹெடர்ஸ் பேக்கேஜ்களைக் கொடுங்கள்.

நிறுத்தி வைத்த நாளிலிருந்து கர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். அதனால் கைபேசியில் இரண்டு வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்று டிரைவரின் புதிய பதிப்பு வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் ஹோல்டுக்குப் பதில் அன்ஹோல்ட் போட்டு விடுவியுங்கள். மூன்று மாதமாகியும் வரவில்லையென்றால், இனி வராது என்று எடுத்துக்கொண்டு 8-ஆம் படிக்குப் போங்கள்.

10. அடுத்த அப்டேட்டுக்கு முன் பத்து நிமிடம்

பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் -எச் /பூட் என்று தட்டிப் பாருங்கள். வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு பூட் தனிப் பகுதியாக, சின்னதாக இருக்கும். ஒரு கர்னலும், பூட் தொடக்கத்தில் அதற்குத் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் சேர்ந்து சுமார் 100 எம்பி பிடிக்கும், என்விடியா இருந்தால் இன்னும் கூடும். இடம் தீர்ந்தால் அந்தக் கோப்பு பாதியில் நின்றுவிடும், புதிய கர்னல் ரூட் பகுதியைக் கண்டுபிடிக்க முடியாமல் பேனிக் ஆகி நிற்கும். மென்பொருள் ஒத்துப்போகாத பிரச்சினை போலவே தெரியும், ஆனால் காரணம் வெறும் இடப் பற்றாக்குறை. சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் பழைய கர்னல்களை நீக்கி இடம் தரும். கை வைத்து /பூட் அடைவில் கோப்புகளை அழிக்காதீர்கள்.

கிரப் மெனு எப்போதும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதே கிரப் கோப்பில் டைம்அவுட்_ஸ்டைல் என்று முடியும் வரியில் ஹிடன் என்பதை மெனு என்று மாற்றி, டைம்அவுட் வரியில் 5 போட்டு, அப்டேட்-கிரப். ஒவ்வொரு பூட்டிலும் 5 விநாடி கூடுதலாகும். எஸ்கேப்பைச் சரியான நொடியில் தட்டப் பார்த்துத் தோற்றவர்களுக்கு அந்த 5 விநாடி பெரிதில்லை.

அப்டேட் போட்ட பிறகு, ரீபூட் செய்வதற்கு முன்பே டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள். புதிய கர்னல் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்ட் இருந்தால் ரீபூட் செய்யலாம். இல்லையென்றால் ரீபூட் செய்யாமல் 4-ஆம் படியைச் செய்யுங்கள். வைஃபை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், தேவையானதை நிதானமாக இறக்கிக்கொள்ளலாம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய வேலை இருந்தால் இதைக்கூட அன்று இரவு செய்யாதீர்கள். வேலையை அனுப்பிய பிறகு ரீபூட் செய்யுங்கள்.